கிர்ஸ்டி கில்மோருக்கு கிளாஸ்கோவில் ஒரு கோர்ட் கிடையாதா? காமன்வெல்த் ஸ்போர்ட் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய காமன்வெல்த் ஸ்போர்ட் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2022 ஜூலை 28 அன்று பர்மிங்ஹாமின் அலெக்ஸாண்டர் ஸ்டேடியத்தில் உங்கள் காமன்வெல்த் விளையாட்டுகளின் தொடக்க விழா நடந்தபோது, ஸ்காட்லாந்து அணிக்கு முன்னால் கொடி பிடித்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாரா பளுதூக்கும் வீரர் மிக்கி யூல். இன்னொருவர் பேட்மின்டன் வீராங்கனை கிர்ஸ்டி கில்மோர். 2026 ஜூலை 23ஆம் தேதி அதே விளையாட்டு விழா கிளாஸ்கோவுக்கு வருகிறது. இந்த முறை நடக்கும் பத்து விளையாட்டுகளின் பட்டியலில் யூலின் விளையாட்டு இருக்கிறது. கில்மோரின் விளையாட்டு இல்லை. கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பெல்ஸ்ஹில்லில் பிறந்தவர் அவர். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுப்பிவிடப்பட்டவர் மாதிரி ஆகிவிட்டது அவர் நிலைமை.

நான் தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். விடியற்காலையில் வாடகை கோர்ட்டில் ஷட்டில் ஆடிவிட்டு அப்புறம் ஆபீஸ் போகிற கூட்டத்தில் ஒருவன். ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றி உனக்கென்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். 2024 அக்டோபரில் உங்கள் பட்டியல் வெளிவந்தபோது இங்கே பலரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். ஹாக்கி இல்லை, மல்யுத்தம் இல்லை, டேபிள் டென்னிஸ் இல்லை, கிரிக்கெட் இல்லை, பேட்மின்டனும் இல்லை, ஆகவே இது இந்தியாவின் பதக்கத்தைக் குறைக்கச் செய்த சதி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்த வருடமே ஜப்பானில் ஆசிய விளையாட்டு இருக்கிறது. சிந்துவும் லக்‌ஷ்யாவும் காமன்வெல்த் இல்லாவிட்டாலும் வாரம் தவறாமல் டிவியில் வருவார்கள். உங்கள் கத்தரிக்கோல் ஆழமாக வெட்டியது உங்கள் விழாவை நடத்தும் ஊரின் ஆட்களைத்தான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கில்மோரை நான் முதலில் கவனித்தது 2014இல். அந்த வருடம் காமன்வெல்த் விழா நடந்ததும் கிளாஸ்கோவில்தான். அங்கே எமிரேட்ஸ் அரங்கில், சொந்த மண் ரசிகர்களுக்கு நடுவே, இருபது வயதுப் பெண் மலேசியாவின் டீ ஜிங் யீயை அரையிறுதியில் வென்று இறுதிக்குப் போனார். நாங்கள் எல்லோரும் இன்னொரு அரையிறுதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அதில் பி.வி.சிந்து கனடாவின் மிஷெல் லீயிடம் தோற்றார். இறுதியில் கில்மோரும் அதே லீயிடம் 14-21, 7-21 என்று தோற்றார். இரண்டாவது கேமில் ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வெள்ளி வெள்ளிதான். அதற்கு எட்டு வருடம் முன்பு மெல்போர்னில் சூசன் ஹியூஸ் வாங்கிய வெண்கலத்தோடு சேர்த்துப் பாருங்கள். சுமார் 55 லட்சம் பேர் வாழும் ஒரு நாடு, மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடுகிற போட்டியில், பெண்கள் ஒற்றையரில் மேடை ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

2017 ஆகஸ்டில் அதே எமிரேட்ஸ் அரங்கில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியாவில் ஷட்டில் பார்க்கிறவர்களில் அந்த வாரத்தை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. சிந்துவும் ஜப்பானின் ஒகுஹராவும் 110 நிமிடம் ஆடிய அந்த இறுதி, அதில் 73 ஷாட் நீண்ட அந்த ஒரு ராலி. சாய்னாவுக்கு அந்தத் தொடரில் வெண்கலம். அந்த வெண்கலத்துக்கு வழியில் யார் நின்றார் என்பதுதான் இங்கே பலருக்கு நினைவிருக்காது. காலிறுதியில் கில்மோர். 21-19, 18-21, 21-15 என்று மூன்று கேம் போன ஆட்டம். ஒரு சமயம் சாய்னா வெளியே போய்விடுவார் என்றே நான் நினைத்தேன். அதில் கில்மோர் ஜெயித்திருந்தால் சொந்த ஊர் உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பதக்கம் உறுதியாகியிருக்கும், ஏனென்றால் பேட்மின்டனில் அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்கும் வெண்கலம் உண்டு.

அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் உங்கள் விழா. அரையிறுதியில் மறுபடி சாய்னா, மறுபடி மூன்று கேம், 21-14, 18-21, 21-17. மறுபடி சாய்னாதான். ஆனால் உங்கள் போட்டியில் வெண்கலத்துக்குத் தனியாக ஆட வேண்டும். மறுபக்கம் நின்றவர், நான்கு வருடம் முன்பு அவரைச் சொந்த ஊரில் தோற்கடித்த மிஷெல் லீ. இந்த முறை 21-11, 21-16 என்று கில்மோர் முடித்துவிட்டார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் இதுதான். அரையிறுதியில் அப்படித் தோற்றவர் மறுபடி கோர்ட்டுக்கு வந்து இப்படி ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

காமன்வெல்த்துக்கு வெளியே அவர் கதை ஒருவிதத்தில் இன்னும் கொடுமையானது. ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் நான்கு முறை ஒற்றையர் இறுதிக்குப் போயிருக்கிறார். 2016, 2017, 2022, 2024. நான்கு முறையும் எதிரே ஒரே ஆள், ஸ்பெயினின் கரோலினா மரின். ரியோ ஒலிம்பிக்ஸ் தங்கம், மூன்று உலக சாம்பியன் பட்டம், 2014 முதல் 2024 வரை வரிசையாக ஏழு ஐரோப்பியப் பட்டம் என்று வைத்திருப்பவர். மரின் வேறு காலத்தில் பிறந்திருந்தால் கில்மோர் கழுத்தில் ஐரோப்பியத் தங்கம் இருந்திருக்கும் என்று சொல்லலாம், ஆனால் இப்படிச் சொல்லி யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. நான் கவனிப்பது வேறு ஒன்றை. முதல் இறுதிக்கும் நான்காவது இறுதிக்கும் நடுவே எட்டு வருடம். கடைசியாகப் போனபோது அவருக்கு வயது முப்பது. டென்மார்க்கின் பெண்கள் ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்துகொண்டே இருந்தார்கள், இவர் மட்டும் ஸ்காட்லாந்திலிருந்து கிட்டத்தட்டத் தனி ஆளாக அங்கே போய் நின்றுகொண்டிருந்தார். மூன்று ஒலிம்பிக்ஸ் ஆடினார். பதக்கம் இல்லை. பர்மிங்ஹாமில் கொடி பிடித்த அந்த முறையும் பதக்கம் இல்லை.

ஒலிம்பிக்ஸில் அவர் ஸ்காட்லாந்துக்கு ஆடவில்லை, கிரேட் பிரிட்டனுக்கு ஆடினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக சாம்பியன்ஷிப்பிலும் ஐரோப்பியப் போட்டிகளிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஸ்காட்லாந்துக் கொடி இருக்கும், ஆனால் அவற்றை ஷட்டில் பைத்தியங்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். எல்லா விளையாட்டும் ஒன்றாகக் கூடுகிற, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட டிவி முன்னால் உட்காருகிற மேடையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஸ்காட்லாந்துக்காரராகவே ஆட முடிகிற இடம் உங்கள் விழா ஒன்றுதான். வேல்ஸுக்கும் ஜெர்சிக்கும் ஐல் ஆஃப் மேனுக்கும் இதே கதைதான். பெரிய நாடுகளுக்கு காமன்வெல்த் ஒலிம்பிக்ஸுக்கு முந்தின ஒத்திகை. இவர்களுக்கு அதுவே அரங்கேற்றம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்ப்போம். விளையாட்டுக்கான அரசு நிதி பெரும்பாலும் பதக்கம் கிடைக்கும் மேடையைப் பார்த்தே வரும். 2016இல் ரியோவில் மார்கஸ் எல்லிஸ், கிறிஸ் லாங்ரிஜ் ஜோடி ஆண்கள் இரட்டையர் வெண்கலம் வாங்கியது. அதே வருட டிசம்பரில் பிரிட்டனில் அரசு நிதியைப் பங்கிட்டுத் தரும் யூகே ஸ்போர்ட் அமைப்பு பேட்மின்டனுக்கான நிதியை முழுவதும் நிறுத்தியது. பதக்கம் வாங்கின விளையாட்டுக்கே அந்தக் கதி! ஒலிம்பிக்ஸ் பணத்தை நம்ப முடியாத நிலையில் இருக்கிற சின்ன நாட்டுக்கு, நாங்கள் காமன்வெல்த் விளையாட்டு என்று காட்டிக் கேட்க முடிகிற அந்த ஒரு தகுதியையும் நீங்கள் எடுத்துவிட்டால், பெல்ஸ்ஹில்லிலோ கிளாஸ்கோவிலோ இன்று பத்து வயதில் ராக்கெட் பிடிக்கிற பிள்ளைக்காக அதன் சங்கம் யாரிடம் போய் நிற்கும்?

உங்கள் பக்க நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2023இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செலவைக் காட்டிக் கையை விரித்துவிட்டது. 2026 விழா நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தபோது கிளாஸ்கோ முன்வந்து காப்பாற்றியது. விக்டோரியா கொடுத்த இழப்பீட்டில் ஒரு பங்கும் அதற்கு உதவியது. பத்து விளையாட்டு, நான்கு இடம், எல்லாம் எட்டு மைலுக்குள். சுருக்கமாக நடத்தினால்தான் இனி எந்த ஊரும் முன்வரும் என்கிறீர்கள். சரி. பத்துதான் முடியும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எந்தப் பத்து என்பதில்தான் எனக்குத் தகராறு.

அந்த நான்கு இடங்களையே எடுத்துக்கொள்வோம். ஒன்று, எமிரேட்ஸ் அரங்கும் கிறிஸ் ஹோய் வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தய அரங்கும் சேர்ந்த வளாகம். கில்மோர் வெள்ளி வாங்கியதும் சிந்து - ஒகுஹரா இறுதி நடந்ததும் அங்கேதான். இன்னொன்று ஸ்காட்ஸ்டவுன். அங்கே தடகளம் நடக்கப்போகிறது. அந்த வளாகத்தில்தான் 1997 உலக பேட்மின்டன் சாம்பியன்ஷிப் நடந்தது, 2007இல் கலப்பு அணிகளுக்கான உலகப் போட்டியான சுதிர்மன் கோப்பை நடந்தது, ஸ்காட்லாந்தின் தேசிய பேட்மின்டன் அகாடமி இருப்பதும் அங்கேதான். நீங்கள் தேர்ந்தெடுத்த நான்கு இடங்களில் இரண்டு, உலகமே பேட்மின்டன் ஆடிவிட்டுப் போன இடங்கள். இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

செலவா? ஒரு கோர்ட் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். மரத்தரை மேல் பச்சைப் பாயை விரித்து, வலையைக் கட்டி, விளக்கைச் சரியான கோணத்தில் வைத்தால் வேலை முடிந்தது. கஷ்டம் காற்றில்தான் இருக்கிறது. 16 இறகும் ஐந்து கிராம் சொச்சம் எடையும் கொண்ட காக் ஏசி காற்றுக்கே திசை மாறும், அதனால் அரங்கின் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஆட்கள் வேண்டும். கிளாஸ்கோவில் அந்த ஆட்கள் இருக்கிறார்கள், 2017இலேயே அதைச் செய்து காட்டியவர்கள். புதிதாக எதுவும் கட்ட வேண்டாம், குளம் வெட்ட வேண்டாம், சாலையை மறிக்க வேண்டாம். எப்போதும் புல்தரையில் பந்தை உருட்டி ஆடுகிற பௌல்ஸ் விளையாட்டையே இந்த முறை உள்ளரங்குக்குக் கொண்டுவரும் அளவுக்கு உங்களால் யோசிக்க முடிந்தது. எப்போதும் உள்ளரங்கில் ஆடுகிற விளையாட்டுக்கு அதே அக்கறை ஏன் வரவில்லை? பௌல்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022இல் எங்கள் நான்கு பெண்கள் அதில் தங்கம் வாங்கியபோது நானும் விதிமுறை புரியாமலே கைதட்டியவன்தான்.

பழைய கணக்கையும் பாருங்கள். 1966இல் கிங்ஸ்டனில் பேட்மின்டன் உங்கள் விழாவில் நுழைந்தது. அதிலிருந்து 2022 வரை பதினைந்து விழா, ஒன்றுகூட விடுபடவில்லை. எங்கள் பிரகாஷ் படுகோன் ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் பட்டத்தை வெல்வதற்கு இரண்டு வருடம் முன்பே, 1978இல் எட்மன்டனில் உங்கள் தங்கத்தை வாங்கினார். 1982இல் பிரிஸ்பேனில் சையத் மோடி வாங்கினார். ஸ்காட்லாந்து இதுவரை மூன்று முறை விழாவை நடத்தியிருக்கிறது, 1970, 1986, 2014. மூன்றிலும் பேட்மின்டன் இருந்தது. 1986இல் எடின்பரோவில் பல நாடுகள் புறக்கணித்து, பணமும் இல்லாமல் விழா தள்ளாடியபோதுகூட இருந்தது, அதில் பில்லி கில்லிலாண்டும் டான் டிராவர்ஸும் ஆண்கள் இரட்டையர் தங்கத்தை ஸ்காட்லாந்துக்கு வாங்கித் தந்தார்கள். இந்த அறுபது வருடத் தொடர் முதன்முறையாக அறுபடப்போவது ஸ்காட்லாந்தில்.

1934இல் சர்வதேச பேட்மின்டன் சம்மேளனத்தை ஆரம்பித்த ஒன்பது சங்கங்களில் ஸ்காட்லாந்தும் ஒன்று. ஸ்டர்லிங்கில் பிறந்த கிரெய்க் ரீடி அந்தச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், பேட்மின்டன் 1992இல் பார்சிலோனாவில் ஒலிம்பிக்ஸ் பதக்க விளையாட்டானதற்குப் பெரிதும் உழைத்தவர். ஒலிம்பிக்ஸுக்குள் பேட்மின்டனைக் கொண்டுபோனதில் ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்குப் பங்கு இருக்க, காமன்வெல்த்திலிருந்து அது வெளியே போவதும் ஸ்காட்லாந்திலேயே நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தமிழன் என்பதால் இதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 2022இல் பெண்கள் இரட்டையர் தங்கம் வாங்கிய மலேசிய ஜோடியில் ஒருவர் பெர்லி டான், இன்னொருவர் தினா முரளிதரன். எங்கள் பெயர் கொண்ட ஒரு பெண் காமன்வெல்த் மேடையின் உச்சியில் நிற்பதைப் பார்த்து இங்கே எத்தனையோ வீடுகளில் சந்தோஷப்பட்டார்கள். தினாவுக்கு 2026இல் அந்தப் பட்டத்தைக் காக்கும் வாய்ப்பே இல்லை. அவர் அதற்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் இறுதி வரை போய்விட்டவர், அவருக்கு வேறு மேடைகள் உண்டு. கில்மோருக்குப் பின்னால் வரும் பெண்களுக்கு?

இந்த ஜூலையில் கில்மோருக்கு 32 வயது. அவர் ஆடியிருந்தால் பதக்கம் வாங்கியிருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். முதல் சுற்றிலேயே தோற்றுப்போயிருக்கலாம், அதுவும் ஆட்டம்தான். 2014இல் தொடங்கிய கணக்கை அதே ஊரில், அதே அரங்கில், தன் ஆட்கள் முன்னால் அவரே முடித்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். அதை ஒரு எதிராளி பறிக்கவில்லை, காயம் பறிக்கவில்லை, ஒரு அட்டவணை பறித்தது. தயவுசெய்து இதற்கு ஈடாக அவரைத் தொடக்க விழாவுக்கு விருந்தினராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தாதீர்கள். ஆடுகிறவருக்கு வேண்டியது கோர்ட். நாற்காலி இல்லை.

கிளாஸ்கோவில் இனி எதையும் மாற்ற முடியாது என்பது தெரியும், டிக்கெட்டே விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். நான் கேட்பது 2030 பற்றி. 2025 நவம்பரில் கிளாஸ்கோவில் கூடித்தான் அகமதாபாத்துக்கு விழாவைக் கொடுத்தீர்கள். அப்போது வெளியிட்ட உறுதியான விளையாட்டுகளின் வரிசையில் டேபிள் டென்னிஸ் திரும்பி வந்திருக்கிறது, சந்தோஷம். பேட்மின்டனை மட்டும் பரிசீலிக்கப்படும் விளையாட்டுகளோடு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இந்தியா நடத்தும் விழாவில் பேட்மின்டன் எப்படியும் வந்துவிடும் என்று இங்கே எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, ஆனால் அது போதாது. நடத்தும் நாட்டுக்குப் பதக்கம் வருமா என்று பார்த்து ஒரு விளையாட்டு வருவதும் போவதுமாக இருந்தால், 2034இல் யாரோ ஒரு ஊர் மறுபடி வெட்டும். அதனால் அகமதாபாத்துக்கு மட்டும் விருந்தாளியாகச் சேர்க்காமல், எந்த ஊர் நடத்தினாலும் இருந்தே ஆக வேண்டிய விளையாட்டுகளின் வரிசையில் பேட்மின்டனை வையுங்கள். முடிந்தால் பாரா பேட்மின்டனையும். அது உங்கள் விழாவில் இதுவரை ஒருமுறைகூட இருந்ததில்லை. பாரிஸ் பாராலிம்பிக்ஸில் தமிழ்நாட்டின் துளசிமதியும் மனிஷாவும் நித்யஸ்ரீயும் மூன்று பதக்கம் வாங்கிவந்ததைப் பார்த்த பிறகு, ஏன் இல்லை என்ற கேள்வி எங்களுக்கு வராமல் இருக்காது.

அடுத்த முறை ஒரு விளையாட்டை நீக்கும்போது, நடத்தும் நாட்டில் அதை ஆடுகிறவர்களை உட்கார வைத்து முன்கூட்டியே பேசுங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். எந்த விளையாட்டுக்கு எவ்வளவு செலவு மதிப்பிட்டீர்கள், பேட்மின்டனுக்கு என்ன தொகை வந்தது, அதன் இடத்தில் வந்த விளையாட்டுக்கு என்ன தொகை வந்தது என்ற கணக்கை கிளாஸ்கோ விழா முடிந்த பிறகாவது வெளியிடுங்கள். கணக்கு உங்கள் பக்கம் நியாயமாக இருந்தால் அதைப் படித்துவிட்டு, இந்த மடலை வெளியிட்ட அதே இடத்தில் அதையும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ஷட்டில் ரசிகன்